லாரி மோதிய வழக்கில் எதைத் தேடுவது, எங்கே தேடுவது

லாரி மோதிக் காயம்பட்டவர்களின் குடும்பம் வக்கீலிடம் கொண்டுவரும் பையில் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில்கள் இவைதான் இருக்கும். இரண்டு பைக்குகள் மோதிக்கொண்ட வழக்குக்கு இவை ஓரளவு போதும். லாரி வழக்குக்குப் போதாது. லாரி என்பது சாலையில் ஓடும் ஒரு தொழில். சரக்கு ஏற்றிய இடத்தில் ஒரு சீட்டு, எடை மேடையில் ஒரு சீட்டு, ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு பதிவு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு தகுதிச் சான்று, முதலாளியின் நோட்டில் ஒரு கணக்கு என்று அது போகிற வழியெல்லாம் பதிவு விட்டுக்கொண்டே போகிறது. விபத்து நடந்த அந்த இரண்டு நொடியில் யார் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதைப் பற்றி இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்லும். அதற்கு முந்தைய பத்து மணி நேரத்தில் அந்த லாரி என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பதிவுகள்தான் சொல்லும். அவற்றில் பாதி சில வாரங்களில் அழிந்துவிடும்.

எனவே இந்த அத்தியாயம் சட்டப் பிரிவுகளில் தொடங்கவில்லை. முதலில் அழியக்கூடியது எதுவோ அதிலிருந்து தொடங்குகிறது.

சாலையில்

காயம்பட்டவரை 108-இல் ஏற்றி அனுப்பிய பிறகு, குடும்பத்தில் பதற்றம் குறைந்த ஒருவர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும். முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாள் காலையில். டயர் தேய்ந்த தடம் ஒரு மழையில் போய்விடும். உடைந்த கண்ணாடியைச் சாலைப் பணியாளர்கள் பெருக்கிவிடுவார்கள். மோதும்போது வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த மண் கொத்தாக உதிரும். அந்த மண்ணும் கண்ணாடித் தூளும் கிடக்கும் இடம்தான் பெரும்பாலும் மோதல் நடந்த இடம். அது சாலையின் எந்தப் பாதியில் இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று எனப் படம் எடுங்கள். படத்தில் கிலோமீட்டர் கல், கடைப் பலகை, மின்கம்பத்தின் எண் என இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

போலீஸார் தயாரிக்கும் பார்வை மகஜரும் ரஃப் ஸ்கெட்சும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முக்கிய ஆவணங்கள். ஆனால் ஸ்கெட்சில் அளவுகள் இல்லாமலே போவதுண்டு. உங்கள் கையில் படங்கள் இருந்தால்தான் அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியும்.

அடுத்து கேமரா. பெட்ரோல் பங்க், டீக்கடை, வங்கி ஏ.டி.எம்., சாலையோர வீடு என வரிசையாகக் கேளுங்கள். கடைகளில் உள்ள பதிவுக் கருவிகள் இடம் தீர்ந்ததும் பழைய காட்சிகளின் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டுபோகும். சில இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காது. கடைக்காரர் காட்சியைத் தரத் தயங்கினால் சண்டை வேண்டாம். அந்தக் கேமரா எங்கே இருக்கிறது, எந்த நேரத்துக் காட்சி வேண்டும் என்று குறிப்பிட்டு, அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். காட்சியைக் கடைக்காரர் தாமே தந்தால், பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் அவரிடம் கையெழுத்தாகப் பெற வேண்டும். அது இல்லையென்றால், காட்சியை ஆவணமாக ஏற்கக் கூடாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

லாரியை நேரில் பாருங்கள்

பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இதைத்தான். விபத்தில் சிக்கிய லாரி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஊரில் நாம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்பவர், வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அதன்பின் உரிமையாளர் வண்டியை எடுத்துப் போய்விடுவார். பட்டறைக்குப் போன லாரியில் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் நீங்கள் போய், பொது இடத்தில் நின்றபடியே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

எதைப் பார்ப்பது? முதலில் அடிபட்ட இடம். இடதுபக்கமாகப் போய்க்கொண்டிருந்த பைக்கை முந்தும்போது லாரி இடித்ததா, பைக் தானாகச் சரிந்து பின் சக்கரத்தில் விழுந்ததா என்பது இந்த வழக்குகளில் ஓயாத சர்ச்சை. முன் பம்பரின் இடது மூலையிலோ கேபின் படிக்கட்டிலோ பைக்கின் பெயின்ட் உரசியிருந்தால், "அவரே வந்து பின் சக்கரத்தில் விழுந்தார்" என்ற வாதம் அங்கேயே ஆட்டம் காணும். அடுத்து பக்கவாட்டுத் தடுப்பு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் ஆள் உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பும், பின்னால் கார் அடியில் நுழையாமல் தடுக்கும் குறுக்குத் தடுப்பும் சரக்கு லாரிகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 124-ஆம் விதியின் கீழ் கட்டாயம். கழற்றி எறியப்பட்டிருந்தாலோ, பெயருக்கு மெல்லிய பட்டை ஒன்று தொங்கினாலோ, அதைத் தனியாகப் படம் எடுங்கள். காயம் இவ்வளவு கொடூரமானதற்குக் காரணம் அந்த வெற்றிடமாகவே இருக்கலாம்.

டயர்கள், பின் விளக்குகள், ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் பட்டைகள். இந்தப் பட்டைகள் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது விதி. சேறு படிந்து ஒன்றுமே தெரியாத பட்டையும் இல்லாத பட்டைக்குச் சமம்தான்.

ஆய்வாளரின் அறிக்கையில் "இந்த விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்ற வரி வழக்கமாக இருக்கும். அந்த வரி காயம்பட்டவருக்குச் சாதகமானது: வண்டி நன்றாக இருந்தது என்றால் பிழை ஓட்டியவருடையது. அதனால் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள பத்திகளையும் படிக்க வேண்டும். பிரேக்கை ஓட்டிப் பார்த்தாரா, அல்லது வண்டி சேதமடைந்ததால் சோதிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாரா? தகுதிச் சான்று எந்தத் தேதி வரை? எட்டு வருடத்துக்குள் உள்ள சரக்கு வாகனத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருடந்தோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். சான்று காலாவதியாகியிருந்தால், சாலையில் இருக்கவே கூடாத வண்டி அது.

"பிரேக் பிடிக்கவில்லை" என்று சொன்னால்

சேலம்–தருமபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தைத் தெரியாத லாரி டிரைவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். கனத்த லோடுடன் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் என்ஜினின் இழுப்பும் இல்லாமல் போய், பிரேக் மேல் இரட்டிப்புச் சுமை விழும். முன்னால் போகும் கார்களை எல்லாம் நசுக்கிக்கொண்டு போய் நிற்கும் லாரியின் டிரைவர், "பிரேக் ஃபெயில்" என்பார். அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் நம் கேள்வி.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று உரிமையாளர் சொன்னால் அதை நிரூபிப்பது அவர் பொறுப்பு. நியாயமான கவனத்தோடு பராமரித்தும் கண்டுபிடிக்க முடியாத மறைகுறையாக அது இருந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே பிரேக் ஃபெயில் என்ற வார்த்தையைக் கேட்டுக் குடும்பம் கலங்க வேண்டியதில்லை. கடைசியாக பிரேக் லைனிங் மாற்றிய பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதோடு அன்றைக்கு எத்தனை டன் ஏற்றியிருந்தார்கள் என்பதற்கான சீட்டையும்.

இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை, வண்டியும் சரக்கும் சேர்த்து, 2018 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பின்படியே 18.5 டன்தான். சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட், இரும்பு ஏற்றும் வண்டிகளில் இந்த வரம்பு மீறப்படுவது ஊரறிந்த விஷயம். எடை மேடைச் சீட்டு, சரக்கின் இன்வாய்ஸ், குவாரியிலிருந்து வந்ததென்றால் அந்த நடைக்கான அனுமதிச் சீட்டு ஆகிய மூன்றில் ஒன்றாவது எடையைச் சொல்லிவிடும். எஃப்.ஐ.ஆரில் "லோடு லாரி" என்று மட்டும் இருக்கும். எவ்வளவு லோடு என்பதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தூக்கமும் வேகமும்

அதிகாலை நேரத்தில் நேர்சாலையில், பிரேக் போட்ட தடமே இல்லாமல், முன்னால் போகும் வண்டியில் லாரி மோதியிருந்தால் டிரைவர் கண் அயர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. போக்குவரத்துத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. நடைமுறையில் நடைக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேட்டா பேசும் தொழிலில், சீக்கிரம் போய்ச் சேர்பவருக்குத்தான் கூலி. இங்கே டிரைவரை மட்டும் குற்றவாளியாக்கி நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு டிரைவரைப் போடாமல் ஒரே ஆளை இரவு பகலாக ஓட்ட வைத்த முதலாளியின் முடிவும் அந்த விபத்தில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது வழக்குக்கும் நல்லது, நியாயத்துக்கும் நல்லது.

இதற்கு இரண்டு ஆவணங்கள் கைகொடுக்கும். ஒன்று இ-வே பில். மாநிலம் கடந்து போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது கட்டாயம். வண்டி எண், புறப்பட்ட ஊர், சேர வேண்டிய ஊர், பில் உருவான நேரம் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று ஃபாஸ்டேக் பதிவு. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானதால், எந்தச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது வங்கிக் கணக்கு போலப் பதிவாகியிருக்கிறது. இரண்டு சாவடிகளுக்கு நடுவே 60 கிலோமீட்டர்; லாரி 40 நிமிடத்தில் கடந்திருக்கிறது என்று வையுங்கள். சராசரி வேகம் மணிக்கு 90. சரக்கு லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் நிறுத்த வேண்டும்; டிப்பருக்கும் டேங்கருக்கும் அது 60. சராசரியே 90 என்றால் கருவி வேலை செய்யவில்லை அல்லது துண்டிக்கப்பட்டிருக்கிறது. புறப்பட்டதிலிருந்து எங்கும் நிற்காமல் எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறார் என்பதும் இதே பட்டியலில் தெரிந்துவிடும்.

இவை உங்களுக்கு நேராகக் கிடைக்காது. விசாரணை அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். இழப்பீட்டு மனுத் தாக்கலான பிறகு, சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தோடு ஆவணங்களை வரவழைக்கத் தீர்ப்பாயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு வழி செய்கிறது. உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வக்கீல் மூலம் முதல் வாரத்திலேயே ஒரு நோட்டீஸ் போய்விட வேண்டும்: ஜி.பி.எஸ். பதிவு, டிரிப் ஷீட், எடைச் சீட்டு, பராமரிப்பு பில், டாஷ் கேமரா காட்சி எதையும் அழிக்கக் கூடாது என்று. கேட்டும் கொடுக்காதவருக்கு எதிராக அனுமானிக்கத் தீர்ப்பாயத்துக்கு இடமுண்டு. கேட்காமலே இருந்தால் அந்த இடமும் இல்லை.

இருட்டில் நின்ற லாரி

நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரி மட்டுமல்ல, நிற்கும் லாரியும் ஆளைக் கொல்கிறது. பஞ்சர், டீ, தூக்கம் என ஏதோ காரணத்துக்கு விளக்கில்லாமல் பாதிச் சாலையை அடைத்து நிறுத்தியிருப்பார்கள். பின்னால் வந்து மோதியவர் மீதே எஃப்.ஐ.ஆர். பதிவாகும். "நின்ற வண்டியில் போய் மோதினால் உங்கள் தப்புதானே" என்று ஸ்டேஷனில் சொல்வதைக் கேட்டு, இழப்பீடே கிடையாது என்று வீட்டுக்குப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. போகாதீர்கள். பிறருக்கு ஆபத்தாக வண்டியை நிறுத்துவதை 122-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2018-இல் அர்ச்சித் சைனி வழக்கில், சாலை நடுவே விளக்கின்றி நின்ற கேஸ் டேங்கர் மீது கார் மோதியது. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் கண்ணுக்குத் தெரியவில்லை. கார் ஓட்டியவர் மீதும் பாதிப் பொறுப்பைச் சுமத்திய உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த வகை வழக்கில் தேட வேண்டியவை: லாரியின் பின்விளக்கு எரியும் நிலையில் இருந்ததா, முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்தார்களா, எவ்வளவு நேரமாக நின்றது, அந்த இடத்தில் தெருவிளக்கு உண்டா, சாலை ஓர மண் தரையில் இறக்கி நிறுத்த இடம் இருந்ததா. விபத்து நடந்த அதே நேரத்தில் இரவில் போய் ஒரு படம் எடுத்து வாருங்கள். பகலில் எடுத்த படம் இருட்டைக் காட்டாது.

எஃப்.ஐ.ஆர். காயம்பட்டவர் மீதே பதிவாகியிருந்தாலும் தீர்ப்பாயத்தின் கதவு மூடப்படுவதில்லை. குற்ற வழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே இங்கே அளவுகோல். 2009-இல் பிம்லா தேவி வழக்கிலிருந்து இது பலமுறை உறுதிசெய்யப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரி

காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று வழங்கப்படும் இந்தத் தாளில் எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, எப்படி அடிபட்டது என்பது இருக்கும். கூட்டிவந்த வழிப்போக்கர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் அப்படியே பதிவாகும். பிறகு மூன்று வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் அந்த வரியை எடுத்து, லாரியே இந்த வழக்கில் பொய்யாகச் சேர்க்கப்பட்டது என்பார். நினைவு இருக்கும் நிலையில் நோயாளியே சொல்லட்டும். இல்லையென்றால் உடன் இருப்பவர் தெரிந்ததை மட்டும் சொல்லட்டும். லாரியின் எண் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். எஃப்.ஐ.ஆருக்கான புகாருக்கும் இது பொருந்தும்: சம்பவ இடத்தில் இல்லாத மைத்துனர் கண்ணால் கண்டதாக எழுதிக் கொடுத்த புகார், குறுக்கு விசாரணையில் முழு வழக்கையும் கெடுத்துவிடும்.

வார்டில் யாரோ ஒருவர் வந்து வக்கீல் பெயரைச் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

யார் மீது மனு

டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். உரிமையாளர் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர். லாரியை விற்றுவிட்டேன், பெயர்தான் மாற்றவில்லை என்று அவர் சொன்னாலும் 2018-ஆம் ஆண்டு நவீன் குமார் தீர்ப்பின்படி பொறுப்பு அவருடையதே. டிராக்டர் என்றால் டிரெய்லரின் பதிவு எண்ணையும் இன்சூரன்ஸையும் தனியாகப் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், தகுதிச் சான்று, அனுமதி ஆகியவற்றின் தேதிகள் தெரியும். அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை உரிமையாளர் போதிய பிணை தராமல் விடுவிக்கக் கூடாது என்பது விதி; அப்படிப்பட்ட வண்டி ஸ்டேஷனை விட்டுப் போகும் முன் ஆட்சேபிக்க வேண்டும்.

லாரியில் ஏறி வந்தவர் காயம்பட்டிருந்தால் கணக்கு வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. சரக்குக்கு உரியவராக உடன் வந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. காய்கறி மூட்டையோடு வந்த விவசாயி என்றால் மண்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு படத்தின் விலை

இந்த அலைச்சலெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 32 வயது கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், வேலை செய்யும் திறனில் 40 சதவீதம் இழப்பு என்று வையுங்கள். சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி அவர் வயதுக்குப் பெருக்கு எண் 16. அதில் 40 சதவீதம் 16,12,800 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் இதற்கு மேல். பைக் ஓட்டியவர் பக்கமும் 20 சதவீதத் தவறு இருக்கிறது என்று தீர்ப்பானால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 3,22,560 ரூபாய் போய்விடும். சாலையின் இடதுபக்கம் கிடந்த கண்ணாடித் தூளைக் காட்டும் ஒரு படம் காப்பாற்றக்கூடிய தொகை அது.

ஹெல்மெட் இல்லை, பைக்கில் மூன்று பேர் என்பதையெல்லாம் எதிர்த்தரப்பு எடுக்கும். விதிமீறல் வேறு, விபத்துக்குக் காரணம் வேறு. மூவர் சென்றது மட்டுமே பங்குத் தவறு ஆகாது, விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காலக்கெடு

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீஸார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். டிரைவரும் உரிமையாளரும் தத்தம் படிவத்தை 30 நாளுக்குள் நிரப்பித் தர வேண்டும். அவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். டிரைவர் அன்று சொன்னதும் பிறகு கூண்டில் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க இவை உதவும். அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கச் சட்டத்தில் இடம் இருந்தாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 166-ஆம் பிரிவின் கீழ் மனுத் தாக்கல் செய்ய இப்போது 6 மாதம்தான் கெடு. விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். சிகிச்சை முடியட்டும், ஊனச் சான்று வரட்டும் என்று காத்திராமல் மனுவை முதலில் போட்டுவிடுங்கள். ஊனச் சான்றையும் மற்ற ஆவணங்களையும் விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம்.